நெய்வேலியில் இரண்டு நாள்: என் கணவர் அழுத வீடு

நெய்வேலிக்குச் சுற்றுலா போய்வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "அங்க பாக்க என்ன இருக்கு?" என்பதுதான். போவதற்கு முன் நானும் அதையேதான் கேட்டேன். பதில் சொல்ல வேண்டியவர் என் கணவர் அருள். அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் முடித்தவர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. சென்னையில் எந்த ஹோட்டலில் எதைச் சாப்பிட்டாலும் "எங்க ஊரு மாதிரி வராது" என்பார். தோசைக்கும் அதே பேச்சு, பிரியாணிக்கும் அதே பேச்சு. அதிலும் அந்த ஊர் பஜாரில் விற்கும் முட்டை போண்டா இருக்கிறதே, அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் திருச்சிக்காரி. எங்கள் ஊரிலும் முட்டை உண்டு, கடலை மாவும் உண்டு. இந்த வழக்கை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்றுதான் ஜூன் மாதக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறைக் குறித்தோம். வார இறுதியில் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு, ஊர் பார்த்துவிட்டு வர ஒரு வழிகாட்டியாக இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். வழிகாட்டியாக இருக்குமா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

நான்காம் வகுப்பு படிக்கும் மகளை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, சொந்தக் காரில் மூன்று பேர் கிளம்பினோம். நான், அருள், பின் சீட்டில் மாமா. மாமா என்றால் அருளின் அப்பா. நெய்வேலி சுரங்கத்தில், நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டித் தள்ளும் ராட்சத இயந்திரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்தவர். அத்தை முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதால், நான்கு வருடமாக எங்களோடு தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். "சரிப்பா", "ஆவட்டும்ப்பா" என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு நான்கு வருடத்தை ஓட்டிவிட்டார்.

காலை ஐந்தரைக்குத் தாம்பரத்தை விட்டோம். திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாக ஏறக்குறைய 180 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம் என்றது கைப்பேசி. விக்கிரவாண்டி வரை அது உண்மைதான். அங்கிருந்து பிரியும் சாலையில் எந்த இடம் சாலை, எந்த இடம் சாலை போடப்போகும் இடம் என்று பிரித்துப் பார்க்கவே தனிக் கண் வேண்டும். மாற்றுப்பாதை என்ற பலகை வரும். அதில் இறங்கினால் புழுதி. புழுதி அடங்கினால் அடுத்த பலகை. "முன்னாடி எல்லாம் இந்த ரோடு எவ்ளோ நல்லா இருக்கும் தெரியுமா?" என்று அருள் ஆரம்பித்தார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

வழியில் அவருடைய சிறுவயதுக் குறைகளும் வந்தன. முதல் நற்கருணை வாங்கிய அன்று, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாதா கோயில் வாசலில் நின்று நின்று பார்த்தாராம். அப்பா வரவேயில்லை. "ரிலீவர் வரல, அதான்" என்றார். யார் அந்த ரிலீவர் என்றேன். அடுத்த ஷிப்ட்டில் வந்து இயந்திரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய ஆளாம். அவர் வந்து ஏறும்வரை இவர் இறங்கக் கூடாது. எட்டு மணி நேரம் பதினாறு மணி நேரமானாலும் அங்கேயே இருக்க வேண்டும். "எங்க ஊர்ல ரிலீவர் வரலன்னு சொல்லிட்டா அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பொண்டாட்டி கேக்க மாட்டா, சாமியார் கேக்க மாட்டாரு" என்றார். பின் சீட்டில் மாமா ஜன்னல் வழியே முந்திரித் தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குப் பண்ருட்டி. சீசன் முடிகிற நேரம் என்றாலும் சாலையோரம் முழுக்கப் பலாப்பழம்தான். ஒரு பாக்கெட் சுளை 60 ரூபாய். முழுப் பழம் 150 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. மாமா ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு கடையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். நான் நின்றுகொண்டே சுளை சாப்பிட்டேன். நல்ல தித்திப்பு. இந்தப் பயணத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட முதல் பண்டமும், கொஞ்ச நேரத்துக்குக் கடைசிப் பண்டமும் அதுதான். ஏனென்றால் இரண்டாவது சுளையில் அருள் தொண்டையைச் செருமினார்.

"வந்தது வந்துட்டோம். ஒரு சின்ன வேலையும் இருக்கு."

"என்ன வேலை?"

"வடக்குத்துல ஒரு இடம். நாளைக்கு மத்தியானம் அட்வான்ஸ் குடுக்கறதா சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"இடத்துக்காரர்கிட்ட."

"என்கிட்ட?"

"அதான் இப்ப சொல்றேன்ல."

பலாக்கொட்டை கையில் இருந்தது. எறியவில்லை.

விஷயம் இதுதான். வடக்குத்து என்பது சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பை ஒட்டியிருக்கும் கிராமம். ஓய்வு பெற்றவர்கள் பலர் அங்கேதான் மனை வாங்கி வீடு கட்டுகிறார்கள். மாமாவின் தெருக்காரர்கள் ஒருபடி மேலே போய், குவார்ட்டர்ஸில் எந்த வரிசையில் குடியிருந்தார்களோ அதே வரிசையில் மனை வாங்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயும் பக்கத்து வீடு. நடுவில் ஒரு மனை மட்டும் காலி. அது மாமாவுக்காம். விற்கப்போன மனைக்காரரை நான்கு வருடமாகக் கெஞ்சியும் மிரட்டியும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். அருளின் திட்டம், இரண்டு ரூமோடு ஒரு வீடு கட்டி மாமாவை முதலில் அங்கே வைப்பது. நாங்கள் பிற்காலத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

"அப்பா நம்ம வீட்டுல எப்படி இருக்காருன்னு நீயே பாக்குற. வாயத் திறந்து பேச ஆள் இல்ல. இங்கன்னா அவரு ஜனம் இருக்கு" என்றார்.

கோபம் தலைக்கு ஏறியது உண்மை. ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிவந்து மனை வாங்கப் பார்த்தார் என்பது ஒரு கோபம். ஆனால் அது சின்னது. மகள் மூன்றரை மணிக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்கும்போது கேட்டில் நிற்பவர் மாமா. நான் ஏழு மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்தால் அரிசி களைந்து வைத்திருப்பவர் மாமா. நாங்கள் இருவரும் பேசாமல் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்போம். எனக்கு அது பிடிக்கும். அவர் இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் அவருக்கு அவர் ஊர்தான் வேண்டுமென்றால், போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினேன். மாமா மடியில் ஒரு பெரிய பலாப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார்.

முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரி வாங்கினோம், கிலோ 850 ரூபாய். பதினொன்றே காலுக்கு ஆர்ச் கேட். அதுதான் டவுன்ஷிப்பின் வாசல். வெளியே சாலையோர லாட்ஜில் இரண்டு ரூம், ஒவ்வொன்றும் 1,300 ரூபாய். ஏசி உண்டு. ரிமோட்டில் பேட்டரி இல்லை. பாதி நாட்டுக்கு வெளிச்சம் கொடுப்பதாக அருள் பீற்றிக்கொள்ளும் ஊரில் இரண்டு பென்சில் பேட்டரிக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கடைசியில் வரவேற்பறைக் கடிகாரத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்கள். அதன்பிறகு அந்த லாட்ஜில் இரண்டு நாளும் மணி பன்னிரண்டரைதான்.

முதலில் சுரங்கம். மேலிருந்து பார்க்க ஓர் இடம் இருக்கிறது, மாமா ஓட்டிய மாதிரி இயந்திரங்கள் கீழே ஊர்வது தெரியும் என்று அருள் அழைத்துப் போனார். அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டதற்கு, "அப்பாவோட பழைய ஐடி கார்டு இருக்கு" என்றார். வாசலில் இருந்த காவலர் அந்த அட்டையை மரியாதையாகத்தான் வாங்கிப் பார்த்தார்.

"சார் மைன்ஸ்ல இருந்தீங்களா? எந்த மெஷின்?"

மாமா சொன்னார். காவலர் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். ரிடையர்டு ஆயிட்டா நீங்களும் விசிட்டர்தான். வேலை நாள்ல எழுதிக் குடுத்து பர்மிஷன் வாங்கிகினு வாங்க."

அவர் மேல் குற்றமில்லை. முன்கூட்டியே விசாரிக்காத எங்கள் தப்பு. எங்கள் என்றால் அருளின் தப்பு. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மாமா காரில் ஏறிக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை என்பதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. இந்த ஊரில் சாப்பாட்டுக்குப் பசி மட்டும் போதாது, நேரமும் சரியாக இருக்க வேண்டும். மெஸ்ஸுக்குப் போனால், "சாப்பாடு ஆயிருச்சுங்க, ஷிப்ட்டு ஆளுங்க வந்து போயிட்டாங்க" என்றார்கள். மணி மூன்று. சரி, முட்டை போண்டா என்று பஜாருக்குப் போனோம். வண்டிக்கடையில் அடுப்பு அணைந்திருந்தது. கடைக்காரர் சட்டியைக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்குக் காலை ஷிப்ட் விட்டதும் போடுவேன் சார். மூணு மணிக்குக் காலி. இனிமே அஞ்சரைக்குத்தான்."

"நாங்க மெட்ராஸ்லேருந்து இதுக்குன்னே வந்திருக்கோம்" என்றார் அருள்.

"வரலாமே, வாங்க. நீங்க எந்த ஷிப்ட்டு?"

எந்த ஷிப்ட்டும் இல்லை என்று சொன்னதும் அவர் எங்களைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. பேக்கரியில் பன்னும் வாழைப்பழமும் வாங்கிச் சாப்பிட்டோம். மூன்று பேருக்கு 85 ரூபாய்.

அஞ்சரை வரை என்ன செய்வது? பிறந்து வளர்ந்த குவார்ட்டர்ஸைக் காட்டுகிறேன் என்றார் அருள். டவுன்ஷிப்புக்குள் சாலைகள் அகலம், இருபுறமும் மரங்கள், ஊரே பிளாக் பிளாக்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. யாரிடம் வழி கேட்டாலும் முதலில் "எந்த பிளாக்?" என்றுதான் கேட்கிறார்கள். அழகான ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தெருவைப் பார்த்தால் எல்லாத் தெருவையும் பார்த்த மாதிரி. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி மஞ்சள் சுவர், பின்பக்கம் ஒரே மாதிரி சந்து. அருள் வலது, இடது, மறுபடி வலது என்று திருப்பி, ஒரு வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். கேட்டைப் பிடித்துக்கொண்டார். அழ ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அத்தையின் அடக்கத்தன்றுதான் அவர் அழுது பார்த்திருக்கிறேன். உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்தார். யார், என்ன என்று கேட்கவே இல்லை.

"குவார்ட்டர்ஸ் பாக்க வந்தீங்களா? உள்ள வாங்க. செருப்போட வந்தாலும் பரவால்ல."

நாங்கள் தயங்கியதும், "அடிக்கடி யாராவது வருவாங்க, எங்களுக்குப் பழக்கம்தான். நாளைக்கு நாங்களும் காலி பண்ணிட்டு இப்படித்தானே வந்து நிக்கணும்" என்று சொல்லிவிட்டு எலுமிச்சைச் சாறு போடப் போனார். அருள் கூடத்தைக் காட்டினார். அத்தை தையல் மிஷின் போட்டிருந்த மூலையைக் காட்டினார். சமையலறைச் சுவரைத் தடவினார். கொல்லையில் மாமரத்தைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார், எடுத்தேன். மாமா கேட்டுக்கு உள்ளே வரவில்லை. கூப்பிட்டதற்கு, "இருக்கட்டும்ப்பா, நீ பாரு" என்று சொல்லிவிட்டார். அவருக்கும் அத்தை நினைவு வந்திருக்கும் போல என்று நான் விட்டுவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். தெருமுனை திரும்பும்போது பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அருளு. நம்ம வூடு அடுத்த தெருப்பா."

வண்டி நின்றது. "என்னப்பா சொல்றீங்க?"

"இது நம்மளது இல்ல. நம்மளது இதுக்குப் பின்னாடி தெரு. நம்ம கொல்லையில மாமரம் ஏது? நெல்லி இல்ல இருந்துச்சு."

"அப்ப ஏன்பா சொல்லல?"

"நீ நல்லா அழுதுகினு இருந்த. ஏன் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

எனக்கு வந்த சிரிப்பில் வயிறு பிடித்துக்கொண்டது. பண்ருட்டியிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் பாதி அதிலேயே கரைந்துவிட்டது. சரியான வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். "வேணாம், ரெண்டாவது தடவை எனக்கு அழுகை வராது" என்றார் அருள், விறைப்பாக.

இந்தக் கூத்தில் பஜாருக்குப் போய்ச் சேர ஆறரை ஆகிவிட்டது. அடுப்பு அணைந்திருந்தது. "இன்னிக்கு சனிக்கிழமை சார், ஆபீஸ் ஆளுங்க லீவு. அதான் கம்மியாப் போட்டேன்" என்றார் அதே மனிதர். எனக்கு அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. கடைசியில் ஆர்ச் கேட் பக்கம் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டோம். சால்னா நன்றாகவே இருந்தது. மூன்று பேருக்கு 290 ரூபாய்.

படுத்தபிறகு எனக்கு ஒன்று உறைத்தது. வேறு யாரோ வீட்டைப் பார்த்து மகன் அழும்போது அரை மணி நேரம் வாயைத் திறக்காமல் வாசலில் நின்ற மனிதர், அந்த மனை விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்துவிடுவாரா? நான்கு வருடமாக அவர் சொன்ன "சரிப்பா"க்களை எல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தேன். மாமாவின் ரூம் திறந்து கிடந்தது. ஆள் இல்லை. கட்டிலில் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அருளை எழுப்பக்கூடத் தோன்றாமல் கீழே ஓடினேன். "பெரியவரு பஸ் நிக்கிற பக்கம் போனாரு" என்றார் வாட்ச்மேன்.

கொஞ்ச தூரத்தில், காலை ஷிப்ட்டுக்கு ஆட்களை ஏற்றும் பஸ் நிற்கும் இடத்தில், டிபன் பையோடு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவர்களோடு ஓர் ஆளாக மாமா. குளித்து, தலைசீவி, சட்டையை பேண்டுக்குள் விட்டுக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி நின்றார். வயசானவர், ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"பயந்துட்டியாம்மா? ஒண்ணுமில்ல. நாலரைக்கு பஸ்ஸு சத்தம் கேட்டுது. எழுந்து குளிச்சி, சட்டைய மாட்டிகினு, இங்க வந்து நின்னதுக்கு அப்பறந்தான் ரிடையர்டு ஆனதே ஞாபகம் வந்துச்சி. நான் எங்க வந்தேன், கால் தானா வந்துருச்சி."

பக்கத்திலேயே டீக்கடை. ஷிப்ட்டுக்குப் போகிறவர்களுக்காக அந்த நேரத்திலேயே இட்லி வெந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆவி பறக்கும் இட்லி, தண்ணியாக இல்லாத சாம்பார், பூண்டு போட்ட காரச் சட்னி, மொறுமொறுவென்று ஒரு மெதுவடை. இட்லி 8 ரூபாய், வடை 8 ரூபாய். நெய்வேலியில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தக் கடைதான். ஐந்தரைக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது இட்லியில் கேட்டுவிட்டேன். "மாமா, நேத்து அது நம்ம வீடு இல்லன்னு தெரிஞ்சும் நீங்க சொல்லல. வடக்குத்து இடமும் அப்படித்தானா?"

அவர் டீயை ஆற்றினார். நீண்ட நேரம் ஆற்றினார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணதுன்னு இருந்தேன்மா."

"எனக்கே நேத்து பண்ருட்டியிலதான் தெரியும்."

"அப்பிடியா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "நான் ஒருத்தன் இடைஞ்சலா இருக்கேன், அத மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாமத்தான் இடம் பாக்குறீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். அதான் சரின்னுட்டேன்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா மாமா?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரச் சட்னியின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் துடைத்துக்கொண்டேன். "நீங்க போயிருவீங்களேன்னு நான் நேத்துலேருந்து செத்துகிட்டு இருக்கேன். உங்களுக்கு இந்த ஊருதான் வேணும்னு இருக்கும்போது நான் எப்படிக் குறுக்க நிக்கிறது?"

"யாரு சொன்னா?" என்றார் மாமா. பிறகு, நான்கு வருடத்தில் நான் கேட்டிராத அளவுக்குப் பேசினார். "மெட்ராஸ் வந்துதான்மா நான் தூங்கவே கத்துகினேன். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி. எப்ப தூங்குனேன், எப்ப முழிச்சேன்னே தெரியாது. இப்ப ஏழு மணி வரிக்கும் தூங்குறேன். இங்க வந்தா இந்த பஸ்ஸு சத்தத்துக்கு தினம் எழுந்து சட்டைய மாட்டிகினு நிப்பேன். அங்க நம்ம வூட்டாண்ட முக்குக் கடையில ஃப்ரைட் ரைஸ் போடுறான் பாரு, பாப்பாவும் நானும் வாரத்துக்கு ஒரு வாட்டி போவோம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு பாப்பா சொல்லியிருக்கு."

ஃப்ரைட் ரைஸ் விவகாரத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அருளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் மருமகள் தடுத்துவிட்டாள் என்றுதான் ஊர் பேசும் என்றேன். மாமா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆவட்டும்மா" என்றார். அது எந்த ஆவட்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் வடக்குத்து போனோம். போகும்வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அருள் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உற்சாகமாக ஓட்டினார். மாமா சொல்லாமலேயே விட்டுவிடுவார் என்றுதான் பயந்தேன்.

புது வீடுகளின் வரிசைக்கு நடுவில், ஒரு பல் விழுந்த மாதிரி, அந்தக் காலி மனை இருந்தது. பாதியில் கத்திரிச் செடி போட்டிருந்தார்கள். மீதியில் ஷாமியானா கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த செல்வராசு, மாமாவோடு அதே இயந்திரத்தில் வேலை பார்த்தவர், ஓடிவந்து மாமாவைக் கட்டிக்கொண்டார். "சூச, இளைச்சிட்டியேடா!" மாமா அங்கே எல்லோருக்கும் சூசதான். வீட்டுக்கு ஒரு சட்டி வந்து இறங்கியது. செல்வராசு வீட்டு நாட்டுக்கோழிக் குழம்பு, அடுத்த வீட்டு நாகர்கோவில் அவியல், அதற்கடுத்த வீட்டிலிருந்து மதுரை மணம் வீசும் கறி சுக்கா, கோடி வீட்டிலிருந்து முந்திரி போட்ட கத்திரிக்காய்த் தொக்கு. வேலைக்காக எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்த ஜனம் கூடிய ஊர் இது. அந்தச் சமையல் அத்தனையும் ஒரே இலையில் விழுந்தது. இரண்டு நாளாகத் தேடிய நெய்வேலிச் சாப்பாடு இதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்படி ஒரு ஜனத்தை விட்டுவிட்டு அவர் எதற்கு எங்கள் மூன்றாவது மாடியில் கிடக்க வேண்டும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன்.

"அப்பறம் சூச, எப்ப கடக்கால் தோண்டுறோம்?" என்றார் செல்வராசு. அருள் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "செல்வராசு, நான் இன்னும் டூட்டியிலதான் இருக்கேம்பா."

"என்னாடா டூட்டி? ரிடையர்டு ஆயி நாலு வருசம் ஆவுது."

"பேத்தி மூணரைக்கு வேன்ல வந்து எறங்கும். அது அம்மா வர்றதுக்கு ஏழாவும். அங்க எனக்கு ரிலீவர் இல்ல."

கரண்டியோடு நின்ற செல்வராசு என்னைப் பார்த்தார், அருளைப் பார்த்தார், கடைசியாக மாமாவைப் பார்த்தார். முப்பது வருடம் அவரும் ஷிப்ட் பார்த்தவர்தானே. "ரிலீவர் இல்லன்னா என்னா பண்றது? எறங்க முடியாது" என்றார். அதற்குமேல் அந்த வரிசையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாமா இலையில் இன்னொரு கரண்டி கோழிக் குழம்பு விழுந்தது.

அருள்தான் கையைப் பைக்குள் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். "ஏன்பா, இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ரொம்ப சந்தோசமா இருந்தப்பா. ஏன் கெடுக்கணும்னு..." என்றார் மாமா.

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைக்காரரிடம் செல்வராசுவே பேசிக்கொள்வதாகச் சொன்னார். கிளம்பும்போது அந்தக் காலி மனையிலிருந்து ஒரு பை நிறையக் கத்திரிக்காய் பறித்துக் கொடுத்தார்கள். நான்கு வருடம் எங்களுக்காகக் காத்திருந்த மண்ணிலிருந்து அதுவாவது வந்ததே. விக்கிரவாண்டியில் காபிக்கு நிறுத்தியபோதுதான் அருள் பின்னால் திரும்பி, "அப்பா, அந்த நெல்லி மரம் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டார். கிணற்றடிப் பக்கம் என்று மாமா ஆரம்பித்தார். தாம்பரம் வரை நிறுத்தவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சொந்த வண்டியில் போனால் கைப்பேசி சொல்லும் நேரத்தோடு ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பண்ருட்டியிலிருந்து டவுன் பஸ்ஸும் உண்டு. சுரங்கம் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டி அனுமதி வாங்குங்கள், வீட்டில் யாரிடம் எந்தப் பழைய அட்டை இருந்தாலும் சரி. டவுன்ஷிப்பின் பெரிய நடராசர் கோயிலைப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை, நீங்கள் விடாதீர்கள். ஷிப்ட் விடும் நேரங்களை யாரிடமாவது கேட்டு எழுதிவைத்துக்கொண்டு அதன்படி பசியுங்கள். தவறவிட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வடலூர் இருக்கிறது, அங்கே அன்னதானம் போடும் தருமசாலையில் அடுப்பு அணைவதில்லை, எந்த ஷிப்ட்டு என்றும் கேட்கமாட்டார்கள். லாட்ஜுக்குப் போகும்போது இரண்டு பென்சில் பேட்டரி எடுத்துப் போங்கள். முட்டை போண்டா எப்படி இருக்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், இன்றுவரை தெரியாது. பெட்ரோல், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கு ஏழாயிரத்துக்குள் முடிந்தது.

வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு பழைய ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று. ஒரு வாசலில் நின்று அழுவதற்கு முன்னால், பின் சீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்: "இது நம்ம வீடுதானே?" அவர் "சரிப்பா" என்று சொன்னால், இன்னொரு தடவை கேளுங்கள்.